எதிரெதிராக இரண்டு வாசல்

“ஜன்னல் வழியா ஆடு நடந்து வருமாக்கா?”

“வராது.”

“இப்ப வந்துச்சே!”

கருவேலங்காட்டுப் பக்கமிருந்து வந்த வெள்ளாடு கூரையில்லாத அறையைக் கடந்து, முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. மஹ்ரீன் சிரித்தாள். குருவம்மாள் சிரிக்காமல் தன் வீட்டின் பின்சுவரையே பார்த்தாள். ஜன்னல் வர வேண்டிய இடம் தரைவரைக்கும் திறந்து கிடந்தது.

மழையில் வீடிழந்தவர்களுக்காக விருதுநகர்ப் பெண்கள் சிலர் ஞாயிறுதோறும் ஆமத்தூருக்கு வந்து, சம்பளமில்லாமல் கட்டிக்கொடுக்கும் மூன்றாவது வீடு இது. போன ஞாயிறு அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். குருவம்மாளும், பட்டாசு கம்பெனியில் அவளோடு ஒரே அறையில் மருந்து அடைக்கும் மூன்று பெண்களும் சேர்ந்து பின்சுவரை எழுப்பினார்கள். கட்டு சுத்தமாக இருந்தது. வரைபடத்தைத்தான் யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

“நாலு பேருல ஒருத்தருக்கும் தோணலையா?” என்றாள் விருதுநகர்ப் பெண்களோடு வந்திருந்த மஹ்ரீன்.

“கம்பெனியில ரூமுன்னா, ஓடித் தப்பிக்க எதிரெதிரா ரெண்டு வாசல்தான பாப்பா? கை தன்னால விட்டுருச்சு,” என்றாள் பானுப்பிரியா, அந்த மூவரில் ஒருத்தி. “நாலு பக்கமும் விடாமப் போனோமேன்னு சந்தோசப்படு.”

மறுநாள் காலை கூரைக்குப் பலகை அடிக்க ஆள் வருகிறது. சுவரை இடித்தால் கூரை தள்ளிப்போகும். இரண்டு ஐப்பசியைத் தார்ப்பாயின் கீழ் கழித்த குருவம்மாள் வானத்தைப் பார்த்தாள். தெற்கே கறுத்திருந்தது.

மிளகாய் மண்டித் தெருவிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கிய நாதியாதான் எல்லோருக்கும் கட்டுவேலை பழக்கியவள். சுவரின் மட்டம் காட்டும் ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தாள். கீழே வைத்துப் பார்த்தாள்.

“இடிக்க வேண்டாம். கீழ ஆறு வரி கல்லு வச்சு அடைச்சா ஜன்னல் உக்காந்துரும். இன்னைக்கே முடிச்சுரலாம்.”

குருவம்மாள் மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்புட்டுத்தானா? காலையில இருந்து பச்சத்தண்ணி இறங்கல.”

“ஆட்டுக்குத்தான் வழி போச்சு,” என்றாள் பானுப்பிரியா. எல்லோரும் சிரித்தார்கள்.

வேலை ஓடியது. மஹ்ரீன் இரும்புக் கரண்டியால் கல்லைத் தட்டினாள். ணங்கென்றது. கம்பெனிப் பெண்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப்போட்டது. பானுப்பிரியா, “இரும்பு வேண்டாம், பொறி பறக்கும்,” என்று ஒரு மரக்கட்டையை எடுத்து மஹ்ரீனிடம் நீட்டினாள்.

நாலாவது வரி முடிந்தபோது குருவம்மாள் எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புதுச்சுவரைத் தாண்டி வெளியே போனாள். திரும்பி உள்ளே வந்தாள். மறுபடி, இம்முறை ஓடிவந்து தாண்டினாள். கால் இடறி மேல்கல் அசைந்தது.

“என்னக்கா செய்றீக?” என்றாள் மஹ்ரீன்.

குருவம்மாள் குனிந்து கல்லைச் சரியாக வைத்தாள். மருந்துப்பொடி படிந்து விரல் ரேகைகள் வெள்ளியாக மின்னின.

“போன சீசன்ல கம்பெனியில வெடிச்சப்ப வெள்ளைத்தாயி ரூமுலயும் பின்வாசல் இருந்துச்சு. லோடு ஏத்தணும்னு அங்கன பெட்டிய அடுக்கி வச்சிருந்தாக.”

பானுப்பிரியா கலவைச் சட்டியைக் கீழே வைத்தாள். குருவம்மாள் நிமிர்ந்தாள்.

“நாதியாம்மா, கூரை வந்துரும். அது போதும் எனக்கு. கதவுகூட வேண்டாம், சாக்கு தொங்கவிட்டுக்கிறேன். இந்த எடத்த மட்டும் தொறந்தே விட்டுருவீகளா?”