பதினெட்டு என்று சொன்ன குரல்

1.

காலை ஆறு இருபதுக்கு எழுகிறேன். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கிறேன். ஒரு டம்ளர் காப்பி. குளியல். செம்பூரில் எட்டு பன்னிரண்டு லோக்கல் ரயில். குர்லாவில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து இதைப் போனில் எழுதுகிறேன்.

நானாக ஆரம்பித்த கதை அல்ல. என் மனைவி வந்தனாவின் அம்மா பாகீரதி கேட்டார். மாட்டுங்காவில், வந்தனாவின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து இலை எடுக்கும்போது.

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்றா நிகில். என்ன நடந்ததுன்னு நீ எழுதிக் குடு. தமிழ்லயே எழுது. நான் நிதானமா படிச்சுக்கறேன்.”

சுற்றுலாவுக்குப் போனவர்கள் இருபத்திரண்டு பேர். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி இப்போது இல்லை. ஆகவே தமிழில் யாரையும் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

2.

முதல் தொடக்கம்: ‘வந்தனாவுக்குச் சிறு வயதிலிருந்தே மலை என்றால்’

(அடித்துவிட்டேன். பொய். அவள் சாப்பாட்டுக்காக வந்தாள்.)

இரண்டாவது தொடக்கம்: அட்லாண்டிக் நடுவே எரிமலைத் தீவுகள். நாலு தீவு, ஒன்பது நாள். காலையில் மலை நடை, பிறகு அந்த ஊர்ச் சாப்பாடு. கூட்டிப் போனது மும்பையின் ஒரு சின்னக் கம்பெனி. நாலாம் நாள் எரிமலை வாயின் விளிம்பில் நடந்துவிட்டு இறங்க வேண்டும். அங்கிருந்து வேனில் போனால், கொதிக்கும் மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த பானையைத் தோண்டி எடுப்பார்கள். சரியாக ஒரு மணிக்கு.

“ஜல்தி, ஜல்தி! பானை நம்ம மாமியார் இல்ல, வெயிட் பண்ண” என்று இந்தியில் விரட்டிக்கொண்டிருந்தாள் டூர் மேனேஜர் சுஷ்மா. டோம்பிவிலிப் பெண்.

(இது இருக்கட்டும்.)

3.

ஆளுக்கு ஓர் எண். நான் பதினேழு, வந்தனா பதினெட்டு. சுஷ்மா கை தூக்கியதும் அவரவர் எண்ணை அவரவர் கத்த வேண்டும். இரண்டாம் நாளே புருஷன்கள் மனைவியின் எண்ணையும் சேர்த்துக் கத்த ஆரம்பித்தார்கள்.* சுஷ்மா தடுக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

நாலாம் நாள் மலையடியில் மூடுபனி. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. இருபத்திரண்டு எண்களும் வந்தன. பதினெட்டும் வந்தது. இரண்டு வேன்களும் கிளம்பின. பானை வெளியே வந்தபோது வந்தனா இல்லை. மறுநாள் காலை விளிம்புக்குக் கீழே பள்ளத்தில் கண்டெடுத்தார்கள்.

அவள் மேலே இருந்தாள். கீழே அவள் எண்ணைச் சொன்னது யார்?

* பிரைட்டன் அண்ணன் தம்பதி மட்டும் விதிவிலக்கு. பத்தொன்பது, இருபது. இரண்டையும் அவர் மனைவி ரீனா அக்காதான் சொல்வார்.

4.

முதல் வரைவில் குற்றவாளி சுஷ்மா. அவசரத்தில் அவளே டிக் அடித்துக்கொண்டாள் என்று எழுதினேன். நம்பும்படி இருந்தது. ஆனால் நான் காதால் கேட்டது ஓர் ஆண் குரல்.

இரண்டாம் வரைவில் பிரைட்டன் அண்ணன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். முந்தின நாள் விளையாட்டாக இரண்டு பேர் எண்ணை அவர் கத்தியது உண்மை. எழுதி முடித்த அந்த ஞாயிறன்றே வீட்டுக்கு வந்தார். டீயைத் தொடவில்லை.

“யாரோ அவ நம்பரச் சொல்லியிருக்கா அண்ணே. அதான் சந்தேகமா இருக்கு.”

“யாரோன்னா?”

“முந்தின நாள் நீங்க விளையாட்டா...”

“வெளையாடுனேன், இல்லங்கல. அன்னைக்கு வெளையாடல. ஒம் பின்னாலதானல நின்னேன்? பதினேழு, பதினெட்டு. ரெண்டும் ஒரே மூச்சுல வந்துச்சு. பொறவுதான் ரீனா பத்தொம்பதுன்னா.”

நான் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

“ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“ஒங்கிட்டயே இன்னைக்குத்தானடே சொல்லுதேன்.”

5.

(இவ்வளவு நேரம் உங்களைச் சுற்றவிட்டதற்கு மன்னிக்கவும். எனக்கு முதல் வரியிலேயே தெரியும்.)

நான்தான் சொன்னேன். பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்தேன். முதல் வேனுக்கு ஓடி, ஜன்னலோரத்தில் அவளுக்காகப் பையைப் போட்டு இடம் பிடித்தேன். வரவில்லை. இரண்டாவது வேனில் ஏறியிருப்பாள் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

‘தெரியாமல்’ என்று ஒரு சொல் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.

6.

ஆபீஸில் இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்று சுஷ்மாவோடு முடிகிறது. மற்றது இது. சனிக்கிழமை மாட்டுங்கா போகிறேன். எதைக் கொடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

எதைக் கொடுத்தாலும் பாகீரதி அம்மா திரும்ப அதையே கேட்பார்: “கடைசியா என்ன சொன்னா?”

அந்த ஊர் போலீஸிடம், ‘நீ முன்னாடி போ, நான் வந்துடறேன்’ என்று அவள் சொன்னதாக எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். கூடவே, ‘அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பணும்’ என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவள் இரண்டையும் சொல்லவில்லை. சொன்னது இது:

“கொஞ்சம் நில்லேன். ஷூ லேஸ் அவுந்துடுத்து.”