இருபது நிமிடப் பாடம்

1957ஆம் ஆண்டு மே மாதம், போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்ட பங்களாவில் தாவரவியல் விரிவுரையாளர்களுக்குப் பத்து நாள் பயிற்சி முகாம் நடந்தது. வந்திருந்த பதினெட்டுப் பேரில் இரண்டு பேர் மதுரையில் ஒரே பெண்கள் கல்லூரிக்காரர்கள். சுந்தரம்மாளுக்குச் சொந்த ஊர் போடி, பதினோரு வருஷ அனுபவம். அன்னக்கொடிக்குச் சிலமலை; வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷம்.

ஒவ்வொருவரும் இருபது நிமிடம் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு நிறை குறை சொல்ல வேண்டும். சுந்தரம்மாள் பழைய குறிப்பு நோட்டைப் பார்த்துத் தடங்கலில்லாமல் நடத்தினாள். "தெளிவா இருந்தது" என்றார்கள். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவியை அடக்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

அன்னக்கொடியோ எல்லாரையும் ஏலச்செடிகளுக்கு நடுவே கூட்டிப்போனாள். தூரிலிருந்து தரையோடு படர்ந்திருந்த ஒரு பூச்சரத்தைக் காட்டி, "இதுல நேத்துப் பூத்தது எது, நாளைக்குப் பூக்கப்போறது எது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். ஒருவரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பிறகு ஒருவர் மண்டியிட்டார், அடுத்து இன்னொருவர். ஐந்து நிமிடத்தில் பதினேழு பேரும் ஈர மண்ணில் முட்டிபோட்டு, வாடிய பூவையும் நீண்ட மொட்டையும் காட்டித் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். சுந்தரம்மாளும்தான். முட்டியில் மண் ஒட்டியபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் முகாமை நடத்திய பேராசிரியர் தவசி அவளிடம் வந்தார். "உங்க கல்லூரியில வாராவாரம் ஆசிரியர்கள் கூடிப் பாடம் நடத்துறதைப் பத்திப் பேச ஒரு ஏற்பாடு செய்யப்போறாங்க. அன்னக்கொடி பொறுப்பெடுத்தா நல்லா இருக்கும்."

"அந்தப் பாடமே நான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தது சார்" என்றாள் சுந்தரம்மாள். நினைத்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து விழுந்துவிட்டது.

தவசியின் முகம் மலர்ந்தது. "அப்படியா! அப்ப நம்ம முகாம்ல இருக்கிற திருப்பதியையும் நீங்களே தயார்பண்ணுங்க. பாவம், ரொம்பப் பயப்படுறாரு. நாளைக்கு அவர் பாடம்."

அறைக்குத் திரும்பினால், அன்னக்கொடி காதுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. "எப்பக்கா சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டாள். சுந்தரம்மாள் துணியை மடித்தாள். "சரி, வெரசா போய் அவரத் தயார்பண்ணுங்க. நானும் பாக்கறேன்" என்றாள் அன்னக்கொடி.

திருப்பதி அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கும்படி சுந்தரம்மாள் அவனிடம் சொன்னாள். மறுநாள் பாசி படர்ந்த ஒரு கல்லைக் காட்டி, அவனும் கேட்டுவிட்டு நின்றான். அமைதி. அவன் நெற்றி வியர்த்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரம்மாளால் பொறுக்க முடியவில்லை. பதிலைத் தானே சொல்லிவிட்டாள். எல்லாரும் கல்லை விட்டுவிட்டு நோட்டைத் திறந்து, அவள் சொன்னதை எழுத ஆரம்பித்தார்கள். அடுத்த கேள்விக்கும் அப்படியே நடந்தது. திருப்பதி கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"அன்னக்கொடிக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுத்தீங்களா?" தவசி கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சுந்தரம்மாள் அன்னக்கொடியைப் பார்த்தாள். அன்னக்கொடி தலை குனியவில்லை.

"இல்ல சார். அவளுக்கு நான் ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல. பொய் சொல்லிட்டேன்."

தவசி திருப்பதியை மறுபடி முதலிலிருந்து நடத்தச் சொன்னார்.

முகாம் முடிந்து இருவரும் ஒரே ஜீப்பில் மலையிறங்கினார்கள். போடியில் சுந்தரம்மாள் பெட்டியை இறக்கியதும், "காலேஜ்ல வைக்கப்போற சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவீங்களாக்கா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"சோலி இருக்கு."

ஜூலையில் கல்லூரியில் அன்னக்கொடி பொறுப்பில் கூட்டங்கள் ஆரம்பமாயின. இரண்டு வாரம் சுந்தரம்மாள் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மாடிப்படி ஏறும்போது, தன்னைவிட மூத்தவர்களெல்லாம் அந்த அறையில் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. கால் நின்றுவிட்டது. உள்ளே போய்க் கதவோரமாக உட்கார்ந்தாள். அன்னக்கொடி பேச்சை நிறுத்தாமல், ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நீட்டினாள். சுந்தரம்மாள் வாங்கிக்கொண்டாள். வயிறு முன்போலவே எரிந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தாள்.