சோதித்த விரல்

தள்ளுபடுக்கையின் முன்சக்கரம் நடைவழியின் நடுவே மாட்டிக்கொண்டது. ஊழியர் காலால் உதைத்தார், அது நகரவில்லை. அடுத்த கணம் மோட்டார்க்காரர் தரையில் மண்டியிட்டிருந்தார். சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கிடந்த கட்டுத்துணி நூலை விரல் நுனியால் தேடிப் பிடித்து, ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியால் புதுக் காயில் கட்டியே குடும்பத்தைக் காத்த விரல்கள் அவை. கண் காணுமுன் பழுதைக் கண்டுவிடும் விரல்கள்.

படுக்கையில் கிடந்த மகள், ஆக்சிஜன் முகமூடிக்குள் சிரிக்க முயன்றாள். "இங்க வந்தும் ரிப்பேராப்பா? பில்லு போட்டுடு."

"வாயை மூடிக்கிட்டு மூச்சு விடு, வக்கீலு."

பதின்மூன்று வயதுக்குள் வீட்டு வழக்கு ஒன்றிலும் தோற்றதில்லை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். தாய் ஆக்சிஜன் குழாய் எங்கும் மடங்கிவிடாமல் தாங்கியபடி படுக்கையோடு ஓடினாள். மகளின் உதடுகள் மை தொட்டவைபோல் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பைப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மகளை வாங்கிக்கொண்டு மூடியது. குழாய் பிடித்திருந்த கை வெறுங்கையானது.

சற்று நேரத்தில் மருத்துவர் வெளியே வந்தார். இளம்பெண், தூங்கிப் பல நாளான கண்கள்.

"நுரையீரல்ல கொரோனா ரொம்பப் பரவியிருக்கு. வீட்டுல ஆக்சிஜன் அளவு பார்த்தீங்களா?"

"பார்த்தோம் டாக்டர். முந்தாநாள்," என்றார் மோட்டார்க்காரர். "எண்பத்தாறு காட்டுச்சு."

"எண்பத்தாறா? அன்னைக்கே ஏன் கூட்டிட்டு வரலை?"

"மீட்டர் கெட்டது டாக்டர். பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினது. என் விரல்ல மாட்டிப் பார்த்தேன், எனக்கு அவளை விடக் குறைச்சலாக் காட்டுச்சு. நான் அன்னைக்குத்தான் தனியாளா ஒரு மோட்டாரைத் தூக்கி மேடையில வெச்சேன்."

மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

அந்தப் பார்வை எங்கே போய் நின்றது என்பதைத் தாய் கண்டாள். கணவரின் நகங்களில் ஆண்டாண்டாகப் படிந்து இறுகிய, காயிலுக்குப் பூசும் வார்னிஷ். கரும்பழுப்பாய், கண்ணாடிபோல், சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் மசியாமல். அந்த விரலில்தான் மீட்டரை மாட்டிப் பார்த்தார் என்பது அவளுக்கு உறைத்தது.

குழந்தைகளை இந்த நோய் தொடாது என்று யார் சொன்னது? தெருமுனை சொன்னது. கைபேசி சொன்னது. படித்தவர் சொல்ல, படிக்காதவர் அதைப் பரப்ப, ஊரே ஒரு பொய்யைத் தாலாட்டாகப் பாடித் தன்னைத் தானே தூங்கவைத்துக்கொண்டது. மோட்டார்க்காரர் மட்டும் தூங்கவில்லை. புகை போடச் சொன்னவர்களை வாசலோடு திருப்பியனுப்பினார். கயிறு மந்திரித்துக் கொண்டுவந்த சொந்தக்காரரிடம், "இந்தக் கயிறு எத்தனை வோல்ட்டு தாங்கும்?" என்று கேட்டார். எதையும் சோதித்துப் பார், பிறகு நம்பு என்பதே அவர் கொள்கை. அதுவே அவர் தொழில்முறையும். அளவுமானி அச்சமூட்டும் எண்ணைக் காட்டினால் முதலில் அளவுமானியைச் சந்தேகப்பட வேண்டும். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்றும் அப்படித்தான் பார்த்தார். நல்லது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது அவருடைய உடம்பு.

"என் கையிலயும் ஒரு தடவை வெச்சுப் பாருங்களேன்," என்று அன்று தாய் கேட்டிருந்தாள்.

"கெட்ட மீட்டரை ஊர் முழுக்க மாட்டினாலும் கெட்ட மீட்டர்தான்," என்று அவர் சிரித்தார். கட்டிலில் இருந்த வக்கீலும் சிரித்தாள். தாயும் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அறிவை நம்பிய வீடு அது. எல்லாவற்றையும் சோதித்த அந்த மனிதர் சோதிக்க மறந்தது, சோதித்த விரலை.

அவருக்கு இது தெரியக் கூடாது. உள்ளே மகள் பிழைத்து எழும்வரையாவது தெரியக் கூடாது. தாய் அவர் கையைத் தன் முந்தானைக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை அவளுடைய பயம் என்று எண்ணி அழுத்திக் கொடுத்தார்.

அப்போதுதான் செவிலி வந்தாள். சுறுசுறுப்பானவள். களைத்த கூட்டத்துக்கு நடுவே தன் குரலையாவது உற்சாகமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தவள்போல் பேசினாள்.

"கூட இருந்தவங்களையும் பார்த்துடணும். அக்கா, நீங்க முதல்ல. தொண்ணூத்தேழு, சூப்பர். அண்ணே, நீங்க கையைக் குடுங்க."

"அவருக்கு வேண்டாம் சிஸ்டர். அவர் நல்லாத்தான் இருக்காரு."

"ஏன்க்கா, ஊசியா போடப் போறேன்? ஆளு இவ்வளவு பெருசா இருக்காரு, இதுக்குப் போயி பயப்படுவாரா?"

"அப்புறமாப் பார்க்கலாமே, சிஸ்டர்."

"விடு, பார்க்கட்டும்," என்று மோட்டார்க்காரர் முந்தானையிலிருந்து கையை உருவி நீட்டினார்.

கருவி விரலைக் கவ்வியது. சிவப்பு எண் துடித்தது, எண்பத்திரண்டு. செவிலியின் புருவம் உயர்ந்தது. கருவியைக் கழற்றினாள், விரலைத் திருப்பினாள், நகத்தைத் தன் கையுறை நுனியால் தட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது, நகத்துல?"

"வார்னிஷ்."

"நல்லா பயமுறுத்தினீங்க, போங்க. நகத்துல இப்படி இருந்தா இது தப்பாத்தான் காட்டும். வெளிச்சம் உள்ள போகணும்ல?" அவள் வேறொரு கருவியை எடுத்து அவர் காதுமடலில் மாட்டினாள். "பாருங்க, தொண்ணூத்தெட்டு! மெஷினு மேல குத்தம் இல்ல, உங்க விரல் மேலதான் குத்தம்." சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள், அடுத்தவரிடம் போனாள்.

மோட்டார்க்காரர் அசையவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. தாய் அவர் முகத்தைப் பார்க்க அஞ்சி, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் ஓர் ஓசை கேட்டது. வீட்டுச் சாவியின் முனையால் அவர் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பழுப்புத் துகள்கள் தரையில் உதிர்ந்தன. பிறகு உதிர்ந்தவை பழுப்பாக இல்லை.

"போதுங்க," என்றாள். அவர் காதில் அது விழவில்லை. அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிற்பகலில் மருத்துவர் மறுபடியும் வந்தார். தொண்டைக்குள் குழாய் இறக்கி இயந்திரத்தில் மூச்சுவிட வைக்கவேண்டும். அதற்குமுன் ஒருவர் மட்டும் உள்ளே வந்து பேசலாம் என்றார்.

"நீ போ," என்றார் மோட்டார்க்காரர். "நான் போனா ஏதாவது கேட்பா."

கவச உடைக்குள் தாய்க்குத் தன் மூச்சே இரைச்சலாகக் கேட்டது. மகள் இரண்டு தலையணைகளில் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இழுப்பு தேவைப்பட்டது.

"மீட்டர்... நல்லதுதானேம்மா?"

தாய் போர்வையைச் சரிசெய்தாள்.

"அப்பாவைத் திட்டாத. நான்தான்... நல்லாயிருக்கேன்னு வாதாடினேன்." மகள் இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். "ஜெயிச்சுட்டேன் பாரு."

"பேசாதடி. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அதுதான் தாயை நடுங்கவைத்தது. வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பெண் ஒரு பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டாள். கண்கள் மட்டும் தாயின் முகக் கண்ணாடியை விட்டு அகலவில்லை. "பயமா இருக்கும்மா. கையை விடாத," என்றாள். இரண்டு அடுக்குக் கையுறைக்குள்ளிருந்து தாய் அந்தக் கையைப் பிடித்தாள். சூடு தெரியவில்லை. பிறகு யாரோ அவள் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார்கள்.

"என்ன சொன்னா?" என்றார் மோட்டார்க்காரர். "கேட்டாளா?"

"ஒண்ணும் கேட்கலை. உங்களைச் சாப்பிடச் சொன்னா."

அவர் நெடுநேரம் அவளைப் பார்த்தார். தலையாட்டினார். எழுந்துபோய்ப் பிஸ்கட் பொட்டலம் ஒன்று வாங்கிவந்தார். ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்க முடியாமல் மென்றுகொண்டே இருந்தார்.

கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தார்கள். வேறு யாருக்கோ திறந்த கதவு என்று கண்டு உட்கார்ந்தார்கள். ஒருமுறை உள்ளே பலர் ஒரே திசையில் ஓடும் ஓசை கேட்டது. தாய் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய காதுக்குள்ளும் அது கேட்டது. பிறகு ஓட்டம் நின்றது. நின்றது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

சன்னலில் வெயில் சாயும் நேரத்தில் மருத்துவர் வந்தார். வேகமாக வரவில்லை. அந்த நடையிலேயே எல்லாம் இருந்தது. "எங்களால முடிஞ்சதெல்லாம்..." என்று தொடங்கிய வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மோட்டார்க்காரர் மரியாதையாக எழுந்து நின்று, "சரிங்க டாக்டர்," என்றார்.

ஊழியர் கவச உடைகளைக் கொண்டுவந்தார். உடலைக் கட்டி எடுத்துப் போவதற்குமுன் இருவருமே பார்க்கலாம். தொட வேண்டுமானால் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். தாய் தனக்கு மாட்டிக்கொண்டாள். மோட்டார்க்காரர் கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் எந்தக் கை என்று அவருக்குப் புரியவில்லை.

"குடுங்க," என்றாள் அவள்.

பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைபோல் அவர் கையை நீட்டினார். அவள் கட்டைவிரலில் தொடங்கினாள். சுட்டுவிரலுக்கு வந்தபோது, காயத்தின் ஈரத்தில் ரப்பர் ஒட்டிக்கொண்டு ஏற மறுத்தது. உள்ளேயிருந்து ஊழியர் கூப்பிட்டார். அவள் அவசரப்படவில்லை. நுனிவரைக்கும் மெல்ல நீவி, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துவிட்டாள். பிறகு அவருடைய மறு கைக்காகத் தன் கையை நீட்டினாள்.