கண்டக்டர் பேரில் ஒரு நாய்

ராஜமாணிக்கத்தை நாய் கடித்தது பட்டப்பகலில், சந்தே பார்த்துக்கொண்டிருக்கும்போது. கடியைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அய்யங்குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கி நிற்க வேண்டும். கோடையில் பிற்பகல் நிழல் ஒரே ஓர் இடத்தில்தான் விழும், தெருக்குழாய்க்கு எதிரே நட்டநடு வழியில். அங்கேதான் கருப்பன் படுத்திருக்கும். பேர்தான் கருப்பன், நாய் நல்ல செவலை. அதற்கு முன்னால் இருந்த நாய் கறுப்பாம். அது செத்த பிறகு நல்ல பேரை ஏன் வீணாக்குவானேன் என்று குழாயடிக்குப் பக்கத்து வீட்டு எல்லம்மாள் இதற்கு வைத்துவிட்டாள். குடம் எடுத்து வரும் பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். காக்கியைக் கண்டால் மட்டும் அது எழுந்து நின்று குரைக்கும். தபால்காரர் அந்தக் குரைப்பைத் தபாலோடு சேர்ந்த சமாசாரமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். ராஜமாணிக்கத்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் வேலூர் தடத்தில் அரசாங்க பஸ் கண்டக்டர். 'உள்ள போங்க, வழிய விடுங்க' என்று நாளெல்லாம் தொண்டை கிழியச் சொல்லி ஊரையே நகர்த்துகிற மனுஷருக்குச் சொந்தச் சந்தில் ஒரு நாய் வழிவிட மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்?

அந்த எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரையில், டியூட்டி முடிந்து வந்தவர் வழக்கம்போல் சுவரை ஒட்டி ஒதுங்கவில்லை. நாய்க்கு நான் ஏன் ஒதுங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு எப்படியோ முற்றிப் போயிருந்தது. நேராக வந்து ஒரு காலை நாய்க்கு அந்தப் பக்கம் வைத்தார். மற்றக் காலை எடுப்பதற்குள் கையிலிருந்த எவர்சில்வர் தூக்கு நழுவி அதன் விலாவில் விழுந்தது. தூக்கத்தில் இப்படி ஒன்று மேலே விழுந்தால் யார் என்ன செய்வார்களோ அதைத்தான் கருப்பனும் செய்தது. கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கியது. காக்கிப் பேண்டில் சின்னதாக ரத்தம் கசிந்தது.

எல்லம்மாள் அடுப்பில் மல்லாட்டை வேக வைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலையை அவித்து, 'மல்லாட்ட' என்று கூவி விற்கிறவள், ஐம்பது வயசிருக்கும், தனிக்கட்டை.

"பாத்துப் போவக் கூடாதா?" என்றாள்.

"உன் நாய் கடிச்சிட்டு நிக்குது, என்ன பாத்துப் போவச் சொல்றியா?"

"என் நாயா? நான் எங்க நாய் வளக்கறேன்? மிஞ்சின சோத்த வைக்கறேன், துன்னுட்டு இருக்குது."

இதை அவள் இன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. கருப்பன் யார் வடகத்தை மிதித்தாலும், யார் வீட்டுக் கோழியைத் துரத்தினாலும் அவள் சொல்கிற ஒரே பதில் அதுதான். சோறு போடுவாள், பேர் சொல்லிக் கூப்பிடுவாள், உண்ணி பார்த்து எடுப்பாள். ஆனால் நாய் அவளுடையதில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் போன வாரம் ராஜமாணிக்கம் முனிசிபாலிட்டிக்குப் போய், சந்தில் ஆளில்லாத நாய் ஒன்று இருக்கிறது, பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் வண்டி வரும் என்றார் சானிட்டரி இன்ஸ்பெக்டர். அந்த நல்ல செய்தியோடு இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்.

"தெரிஞ்ச நாயா?"

"நல்லாவே தெரிஞ்ச நாய் சார்."

"அப்ப நல்லது. கடி லேசுதான். பத்து நாள் அந்த நாயக் கண்ல வச்சிக்குங்க. சாப்பிட்டு, தண்ணி குடிச்சி நல்லா இருந்துச்சுன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள செத்துப் போனாலோ காணாமப் போனாலோ ஓடி வந்துடுங்க. தொப்புளச் சுத்தி ஊசி போட்டாகணும்."

ராஜமாணிக்கம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதுதான் முனிசிபாலிட்டி வண்டி ஞாபகம் வந்தது. காலில் கட்டோடு அங்கிருந்தே ஓடினார்.

ஊசி பயம்தான். ஆனால் அதற்கும் கீழே ஒரு பயம் இருந்தது. போளூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில் பெரியப்பா முறை ஒருவரை நாய் கடித்தது. மந்திரித்துத் தாயத்துக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். பிறகு ஒரு நாள் அவருக்கு யாரோ சொம்பில் தண்ணீர் நீட்ட, அந்த மனுஷர் சொம்பைப் பார்த்துத் தொண்டை வெட்டி வெட்டி இழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதைச் சின்னப் பையனாக ராஜமாணிக்கம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அதன் பிறகு அந்த வீட்டை நடந்து கடந்ததே கிடையாது, ஓடித்தான் கடப்பார். இப்போது அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். கருப்பன் உயிரோடு, கண்ணெதிரே இருக்க வேண்டும். அவருக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

முனிசிபாலிட்டியில் இன்ஸ்பெக்டர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டார். "ஆளில்லாத நாய்னு சொன்னது நீங்கதானே? இப்ப ஆள் இருக்குதுன்னா லைசன்ஸ் எடுக்கச் சொல்லுங்க. கழுத்துல வில்லை இருந்தா நம்ம ஆளுங்க தொட மாட்டாங்க."

எல்லம்மாளிடம் போனார். அவள் காலையே பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள். முனிசிபாலிட்டி சமாசாரம் அவளுக்கு எப்படியோ எட்டிவிட்டிருந்தது.

"நாளைக்கு எங்க தங்கச்சி வூட்டுக்கு அனுப்பிடப் போறேன், அடி அண்ணாமலைக்கு. வண்டி பேசிட்டேன். நீ நிம்மதியா இரு."

"ஐயோ, அனுப்பிடாதக்கா."

எல்லம்மாள் கையிலிருந்த கரண்டியை அடுப்போரம் வைத்தாள். பத்து வருஷமாக 'ஏம்மா' என்றும் 'இந்தாம்மா' என்றும் கூப்பிட்டவர். அக்கா என்ற சொல் அவருக்கே புதிதாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னார். பெரியப்பாவைப் பற்றியும் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது, அவர் மறைக்கவும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டே வெந்த மல்லாட்டையில் ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அனுப்பல. ஆனா லைசன்ஸ் நான் எடுக்க மாட்டேன் தம்பி. எடுத்துட்டா அது என்னுதுன்னு ஆயிடும். அப்புறம் எவன் கால்ல காயம்னாலும் நேரா எங்கிட்டதான் வருவான். உனக்குத்தான வேணும்? நீயே எடு."

அப்படித்தான் கருப்பன் என்கிற செவலை நாய் க. ராஜமாணிக்கம் பேரில் பதிவாயிற்று. நாயின் நிறம் என்ன என்று கேட்ட குமாஸ்தா, பேரைக் கேட்டுவிட்டு மறுபடி நிறத்தைக் கேட்டார். பித்தளை வில்லையை எல்லம்மாள்தான் கழுத்தில் கட்டினாள். ராஜமாணிக்கம் தூர நின்று முடிச்சு சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் அந்த நாயைப் பார்த்தது போல் கல்யாணமான புதிதில் சரோஜாவைக்கூடப் பார்த்ததில்லை. அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். காக்கியைக் கண்டு கருப்பன் எகிறிக் குதித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று வேட்டியோடு கிளம்பி டிப்போவில் போய் உடுப்பு மாற்றினார். குழாயடிக் குழியில் அது தண்ணீர் நக்குவதைக் காலையில் நின்று பார்த்த பிறகுதான் வேலைக்குப் போவார். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் படியில் தொங்கிக்கொண்டே கூடைப் பக்கம் குரல் கொடுப்பார்.

"அக்கா, கருப்பன் சாப்ட்டானா?"

"சாப்ட்டான், சாப்ட்டான்."

"தண்ணி?"

"குடிச்சான் போ."

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா, "ஒடம்பு சரியில்லீங்களா? புள்ளையா?" என்று இரக்கத்தோடு கேட்டாள். "சொந்தக்காரங்க" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். அவரே வேளைக்கு ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பார்த்துக்கொள்வார். இறங்குகிறதா, இறங்குகிறது. சரோஜா பார்க்காதபோது இன்னொரு சொம்பும் குடிப்பார்.

சொன்ன வாரம் தாண்டி, எட்டாம் நாள் நாய் வண்டி வந்தது. ஆட்கள் காக்கி டவுசர் போட்டுக் கம்பிச் சுருக்கோடு இறங்க, கருப்பன் சந்தே அதிரக் குரைத்துக்கொண்டு அவர்கள் மேலேயே பாய்ந்தது. ராஜமாணிக்கம் குறுக்கே போய் நின்று வில்லையைக் காட்டினார். "வில்ல இருக்குது சரி சார். அவுத்து வுட்டு இப்பிடி மேல வுழுந்தா வில்ல இருந்தாலும் புடிச்சினு போவோம். கட்டிப் போடுங்க" என்றான் அவர்களில் மூத்தவன். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முதல் கருப்பனை அவர் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார்.

எல்லம்மாள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் குரல் கொடுத்தால், "கட்டிப் போட்டவன் நீ, என்ன ஏன் கேக்கற?" என்றாள்.

கட்டிய நாய் தண்ணீர் குடிக்கவில்லை. சரோஜா அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மோர்ச்சோற்றைப் பாதி தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே. கிண்ணத்தைத் தேய்த்து வைத்தார், மண் சட்டியை மாற்றி வைத்தார், பானைத் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒவ்வொன்றிலிருந்தும் அது முகத்தைத் திருப்பியபோது பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பியது அவருக்கு அப்படியே தெரிந்தது. சரோஜாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொம்பை எடுத்து உதட்டில் வைத்தால் அவருக்கே தொண்டை அடைப்பது போல் இருந்தது. பயத்தில் அடைக்கிறதா வேறு எதனாலாவதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சின்னப் பெண் வந்து மடியில் உட்கார்ந்தபோது மெல்ல இறக்கிவிட்டார்.

பத்தாம் நாள் காலையில் லீவு சொல்லியனுப்பிவிட்டு, கருப்பனை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தார். அங்கே என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட வேண்டியதுதான். ஜன்னலிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த ஒரு சுற்று போதவில்லை. கருப்பன் ஒரே இழுப்பில் கயிற்றோடு பறந்தது. எல்லம்மாள் வீட்டைத் தாண்டி, சந்தைத் தாண்டி, குளத்துப் பக்கம் திரும்பியது. ராஜமாணிக்கம் செருப்பில்லாமல், வேட்டியை மடித்துக்கட்ட நேரமில்லாமல் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அய்யங்குளத்தில் கோடையானாலும் கீழ்ப்படிகளில் தண்ணீர் இருந்தது. காலை நேரம், நல்ல கூட்டம். ஒரு பக்கம் துவைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று முழுகிக்கொண்டிருந்தார்கள். அவர் மேல்படிக்கு வருவதற்குள் கீழே கூச்சல் கிளம்பிவிட்டது. கருப்பன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு கடைசிப் படிக்கு இறங்கி, முன்னங்கால் இரண்டும் நனைய நின்று, தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது.

"குளிக்கிற தண்ணியில வாய வைக்குது பாரு. யாருதுய்யா இந்த நாயி?" ஈரத் துண்டோடு நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

"அடிக்காதீங்க" என்றார் ராஜமாணிக்கம். மூச்சு வாங்கியது. "என்னுதுதாங்க."

மொத்தப் படித்துறையும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"கட்டி வளக்கத் துப்பில்லன்னா இன்னாத்துக்குய்யா நாயி? நாலு பேர் பொழங்கற எடமாச்சேன்னு வாணாம்?"

"வாஸ்தவந்தாங்க" என்றார். மனசாரத்தான் சொன்னார். "குடிச்சி முடிச்சிடட்டும். கூட்டிட்டுப் போயிடறேன்."

படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி திட்டினாள், இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் முனிசிபாலிட்டியில் சொல்லப் போவதாகச் சொன்னார். ஒன்றும் உறைக்கவில்லை. வயிறு முழுக்கச் சந்தோஷம் நிறைந்து, எங்கே வாய்விட்டுச் சிரித்துவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மல்லாட்டைக் கூடையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியவள் கூச்சல் கேட்டு வந்திருக்க வேண்டும். எல்லம்மாள் இரண்டு படி மேலே நின்றாள்.

"தண்ணியே தொடலக்கா. ரெண்டு நாளா உயிரே போயிடுச்சி எனக்கு."

"அது என்னிக்கு ஏனத்துல குடிச்சிச்சி? கொழாக் குழி, இல்லனா கொளம். குட்டியிலேர்ந்தே அப்டித்தான்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என் நாயா, நான் சொல்றதுக்கு?" என்றாள் எல்லம்மாள். கூடையை இடுப்பிலிருந்து இறக்கிப் படியில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

பெரியவர் கல்லைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப்போய் முழுகினார். கருப்பன் தலையைத் தூக்கவேயில்லை. சிவந்த நாக்கு தண்ணீரில் படுகிற சத்தம் படி மேலே உட்கார்ந்திருந்தவருக்கு நன்றாகக் கேட்டது. அதன் வாயிலிருந்து கிளம்பிய வட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக விரிந்து, திட்டிக்கொண்டே குளிப்பவர்களின் இடுப்புகளைச் சுற்றிக்கொண்டு, குளத்தின் நடுப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.