ஒரு ஆட்டமும் தவறாதவர்

ஓஸ்டர்வேன் கால்பந்து கிளப்புக்கு இப்படியொரு சீசன் வாய்த்ததே இல்லை. லீகில் ஆறாம் இடம், கோப்பையில் காலிறுதி, ஐரோப்பியப் போட்டியில் பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தார்கள். ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. ரூலிக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை.

அவள் புருஷன் வுப்போ அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்தப் போனவன், அங்கேயே விழுந்து செத்துப்போனான். மைதானத்தில் பதினான்காம் வரிசையில் ஏழாம் இருக்கை அவளுடையது, எட்டு அவனுடையது. நடைபாதை ஓரம், கால் நீட்ட இடம் வேண்டும் என்று பிடிவாதமாக எட்டை எடுத்துக்கொண்டவன். சுயநலம் பிடித்த மனுஷன் என்று இருபத்திரண்டு வருஷமாகத் திட்டியிருக்கிறாள்.

சீசன் அட்டை ஆளின் பெயரில்தான். ஆள் போனால் இருக்கையும் போகும். நாலு ஆட்டத்துக்கு அட்டை பதிவாகாவிட்டாலும் பிடுங்கிக்கொள்வார்கள். அத்தனை பேர் காத்துக் கிடக்கிறார்கள். எவனோ ஒருவன் வந்து வுப்போவின் இடத்தில் உட்கார்வதை ரூலியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் கிளப்பிடம் மூச்சு விடவில்லை. வாசலில் அட்டை பதியும் ஹார்ம், வுப்போவோடு மீன் பிடிக்கப் போனவன். அவள் இரண்டு அட்டைகளை நீட்டுவாள். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் பதிவான்.

குளிர்காலம் அப்படியே போனது. கோல் விழும், சுற்றியிருப்பவர்கள் துள்ளுவார்கள், அவள் உட்கார்ந்திருப்பாள்.

"போர்ச்சுகல்காரனுக்கே கோல் போட்டாச்சு, எந்திரிக்க மாட்டியா ரூலி?" என்பான் ஆறாம் இருக்கை லாமர்ட்.

"பாத்தேன்."

"என்னத்தப் பாத்த? இந்தா, சூப்பாவது குடி. ஆறிப்போச்சுன்னா கழனித் தண்ணி மாதிரி இருக்கும்."

குடிப்பாள். சூடு தெரியும், ருசி தெரியாது.

மே மாதம் கடைசி ஆட்டம். இடைவேளையில் கிளப்பில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, கையில் ஒரு சட்டையும் பட்டியலுமாகப் படியேறி வந்தாள்.

"எட்டாம் இருக்கை, வுப்போ ஹாக்ஸ்மா எங்க இருக்கார்? இருபத்து மூணு ஆட்டம், ஒண்ணுகூட விடலை. சட்டை குடுத்து போட்டோ எடுக்கணும்."

லாமர்ட் முந்திக்கொண்டான். "பாத்ரூம் போயிருக்கான். சட்டைய இப்படிக் குடும்மா."

"பரவால்ல, நிக்கிறேன்." அந்தப் பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு ரூலியிடம் சொன்னாள்: "நீங்க ஒரே ஒரு ஆட்டத்துல கோட்டை விட்டுட்டீங்க மேடம். அக்டோபர்ல, அந்த வியாழக்கிழமை ஐரோப்பா ஆட்டம். அவர் மட்டும் வந்திருக்கார், நீங்க வரலை."

அந்த வியாழக்கிழமை மதியம்தான் வுப்போவை எரித்தார்கள். காப்பியும் கேக்கும் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்ததும், போக வேறு இடம் தெரியாமல், மழைக்கு அவனுடைய கோட்டை மாட்டிக்கொண்டு நேரே மைதானத்துக்கு வந்தாள். கோட்டுப் பையில் ஒரு அட்டை இருந்தது. இரண்டும் ஒரே நீலம். தன்னுடையதென்று நினைத்து நீட்டிவிட்டிருக்கிறாள்.

ஏழு மாதமாக வாயில் வராத சொல் அப்போது வந்தது.

"அவர் செத்துட்டார்மா. அந்த வியாழக்கிழமைதான் எரிச்சோம்."

லாமர்ட் சூப்பைக் கீழே வைத்தான். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. "அப்ப... இந்த இருக்கை..."

"தெரியும். எழுதிக்க. ஆட்டம் முடியட்டும், அட்டைய நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

சட்டையை அவள் மடியில் வைத்துவிட்டு அந்தப் பெண் படியிறங்கினாள். இரண்டாம் பாதி தொடங்கியது. ரூலி எழுந்து, முதல் தடவையாக எட்டாம் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். எதிரே கூரையைத் தாங்கும் இரும்புத் தூண். இடது பக்க கோல் கம்பம் முழுசாக அதற்குப் பின்னால் இருந்தது. சாய்ந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள். கால் நீட்டவும் பெரிதாக இடமில்லை.

அரங்கம் திடீரென்று அலறியது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள்.

"பாத்தியா ரூலி? பாத்தியா?"

"தெரியலை லாமர்ட்," என்றாள். "இங்கேர்ந்து எதுவுமே தெரியலை. இத்தன வருஷம் அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலையே."

அவள் அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.