ரிஜெக்ட் ரத்னவேல்

சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடமாக நான் வெல்டிங் பரிசோதகர். பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது என் வேலை. படத்தில் சந்தேகம் இருந்தால், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட மாட்டேன். நேரில் அண்ணே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ரிஜெக்ட் ரத்னவேல்.

போன மாதம் படம் எடுத்தது என் வயிற்றை. கொஞ்ச நாளாக மலத்தில் ரத்தம். ஸ்கேனில் பெருங்குடலின் சுவர் ஓரிடத்தில் தடித்திருந்தது. புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். குழாய் விட்டு அங்கிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அதில் புற்றுநோய் இல்லை, வெறும் அழற்சி என்று வந்தது.

டாக்டர் சங்கீதா இரண்டு வழி சொன்னார். மூன்று மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். இல்லையென்றால் இப்போதே இன்னொரு முறை துணுக்கு எடுக்கலாம்.

என் மனைவி வசந்தகுமாரி யோசிக்கவே இல்லை. நேரே தேக்கா கடைத்தெருவுக்குப் போய் லட்டு வாங்கி வந்து, எங்கள் மாடி முழுக்கக் கொடுத்து முடித்தாள். எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிட்டேன். வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட்," என்றேன்.

காலி லட்டுப் பெட்டியை மேசையில் டொக்கென்று வைத்தாள். "அதான் ரிப்போர்ட் கிளீனா வந்திருச்சுல்ல? உங்களுக்கு கேன்சர் வேணும்னு ஆசையா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எடுத்தது கடுகளவு சதை. நோய் அதுக்குப் பக்கத்துல இருந்தா? படம் ஒண்ணு சொல்லுது, துணுக்கு ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அது பைப்புங்க. இது நீங்க."

ஆனாலும் வியாழக்கிழமை போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளும் வந்தாள்.

இந்த முறை இன்னும் ஆழமாக, பல இடங்களில் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து எங்கள் இருவரையும் கூப்பிட்ட டாக்டர், கதவை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

"கேன்சர்தான், மிஸ்டர் ரத்னவேல். ஆனா ஸ்கேன்ல பரவின மாதிரி தெரியல. அந்தப் பகுதிய வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேத்து ஒட்டிடலாம். மூணு மாசம் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

நான் சொன்னதுதான் சரி. இத்தனை வருடத்தில் இந்த ஒரு தடவையாவது நான் தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. ஆபரேஷன் சம்மதப் படிவத்தை என் முன்னால் வைத்தார். பேனாவை எடுத்தவன், கையெழுத்துப் போடாமல் படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதுவரை இருந்த வீறாப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

வசந்தா அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ம், போடுங்க. ரிஜெக்ட் பண்ணியாச்சு. வெட்டி ஒட்டறது அவங்க வேலை. ஒட்டினது சரியா இருக்கான்னு இனிமே நான் செக் பண்றேன்."

போட்டேன்.