ஆட்டின் முதுகுக் கோடு

மதியம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கார்ட்டூன் படக் கம்பெனியில், பென்சில் படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து அதே கோட்டில் மை போடும் பெண்களின் அறை. மேற்பார்வை பார்க்கும் மிஸஸ் கிம்பல் நேராக லெனோராவின் மேசைக்கு வந்து நின்றாள். ஒரு கையில் காகிதம், மறு கையில் கண்ணாடித் தாள்.

காகிதத்தில் ஹாஸ்கல் பென்சிலால் வரைந்த ஆடு. ஹாலிவுட்டில் இருபது வருடமாகப் படம் வரைகிறவர். தாளில், லெனோரா மை போட்ட அதே ஆடு. மிஸஸ் கிம்பல் தாளைக் காகிதத்தின் மேல் வைத்தாள். முதுகுக் கோடு பொருந்தவில்லை.

அந்த அறைக்கு ஒரே சட்டம்தான். காகிதத்தில் இருப்பது தாளில் இருக்க வேண்டும். கோணல் என்றால் கோணல். மயிரிழை திருத்தினாலும் வேலை போய்விடும்.

குளிர்காலத்திலிருந்து ஹாஸ்கலின் கை நடுங்கியது. பென்சில் மங்கலில் அது அவர் கண்ணுக்கே படவில்லை. மை ஏறினால்தான் தெரியும். முதல் தடவை, இன்று ஒரு நாள் மட்டும் என்று நினைத்து, லெனோரா மூச்சை அடக்கி நேராக இழுத்துவிட்டாள். மறுநாளும் இழுத்தாள். கம்பெனியில் படத்தைப் போட்டுப் பார்த்தபோது திரையில் ஆடு சுத்தமாகத் துள்ளியது. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஹாஸ்கல் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"என்ன லெனோரா, ஆட்டுக்கு அலங்காரம் பண்ணிவிடுறியா?"

பின்வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்து அடக்கினாள்.

"கை தவறிடுச்சு, மிஸஸ் கிம்பல்."

"கை தவறினா கோணும். உனக்கு நேராகுதே."

மிஸஸ் கிம்பல் புதுத் தாள் ஒன்றைக் காகிதத்தின் மேல் பொருத்தினாள்.

"என் கண்ணு முன்னாடி போடு. உள்ளது உள்ளபடி. மேல கேக்குறாங்க, அவர் கை எப்படி இருக்குன்னு."

"அவருக்கு வேற வேலை தெரியாது."

"உனக்கு மட்டும் தெரியுமா?"

தாளில் கைக்கறை படாமலிருக்கப் போட்ட கையுறையை லெனோரா சரிசெய்துகொண்டாள். பேனாவை மையில் தொட்டு எடுத்தாள். நடுக்கத்தைப் பின்தொடர்வது நேராக இழுப்பதைவிடக் கடினமாக இருந்தது. பேனா ஒவ்வொரு உதறலிலும் நின்று நின்று போயிற்று. கொம்பு. கழுத்து. முதுகு. மிஸஸ் கிம்பல் குனிந்து பார்த்தாள்.

கதவு திறந்தது. அடுத்த காட்சிக்கான காகிதக் கட்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஹாஸ்கல் வந்தார்.

"பொண்ணுங்களா, மந்தை வருது, வழி விடுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. காகிதங்களை லெனோராவின் மேசையில் வைத்தார். ஈரம் காயாத தாளைக் கண்டார். ஓரத்தில் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"அடடா, கை என்னமா நடுங்கியிருக்கு. திட்டாதீங்க மிஸஸ் கிம்பல், பாவம், பழகிடும்" என்றார். "யாரு, புதுசா வந்த பொண்ணா?"